மெட்டுக்கு அடியில்

மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவனுக்குப் பாட்டு ஆகாது. ஒரு சுற்றுக் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. கட்டி, வார்னிஷ் ஊற்றி, காயவைத்து, மாட்டி ஓட்டிய பிறகுதான் அது தெரியும். மோட்டார் சூடேறிப் புகைந்துவிடும். நூற்று அறுபத்திரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கையில் எங்கிருந்தாவது ஒரு பாட்டு காதில் நுழைந்தால் போச்சு. அறுபத்திரண்டா, ஐம்பத்திரண்டா? அவிழ்த்து முதலிலிருந்து சுற்ற வேண்டும். அதனால் காயில்காரனின் கடையில் ரேடியோ இல்லை. பம்பு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், "இழவு வீட்டுலகூட நாலு பேர் அழுற சத்தம் கேட்கும், இங்க அதுவும் இல்லியே" என்பார்கள். அவன் விரலை உயர்த்துவான். எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

வீட்டிலும் ரேடியோ இல்லை. அதற்குக் காரணம் வேறு. டயர்க் கிடங்குக்கு மேலே வாடகை ஹாலில் நடக்கும் சபைக்கு அவன் இருபது வயதிலிருந்து போகிறவன். வாயில் போவது செரித்து ரத்தமாகிற மாதிரி காதில் போவதும் ரத்தமாகும் என்று பாஸ்டர் சொல்லுவார். அவன் அதை நம்பினான். கல்யாணமான முதல் வாரமே மனைவியிடம் சொல்லிவிட்டான்.

"வீட்டுல சினிமாப் பாட்டு வேண்டாம்."

"சரிங்க" என்றாள்.

ஆனால் அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். அங்கே தையல் வரிசைக்கு மேலே ஆறு ஸ்பீக்கர். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் பாட்டு. காலையில் குத்துப் பாட்டு, கை ஓடும். சாப்பாட்டுக்குப் பிறகு அதைவிட வேகமான பாட்டு, கண் சொக்காது. நான்கு மணிக்கு மேல் காதல் பாட்டு. அந்த நேரத்தில் எல்லாருக்கும் முதுகு விட்டுப் போயிருக்கும். அந்தப் பாட்டுதான் கடைசி நூறு காலரைத் தைக்க வைக்கும்.

சபைக்கு இளவட்டங்கள் வருவது குறைந்தபோது பாஸ்டர் ஒரு யோசனை சொன்னார். "அவங்களுக்குத் தெரிஞ்ச மெட்டுல நம்ம வார்த்தையைப் போடுங்க பிரதர். மெட்டு என்ன பாவம் பண்ணுச்சு?" காயில்காரனுக்கு எழுத வரும். மெட்டுதான் தெரியாது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றான்.

"இப்ப எல்லாரும் பாடுற பாட்டு ஒண்ணு பாடு. வார்த்தை வேண்டாம். மெட்டு மட்டும்."

"வார்த்தையில்லாம எப்படிங்க வரும்?"

"தன்னானேன்னு பாடு."

அவள் சிரித்துவிட்டு, தன்னானே என்று பாடினாள். கண் வெங்காயத்தில் கலங்கியிருந்தது. அவன் தாளில் அசைகளைப் புள்ளி வைத்து எண்ணிக்கொண்டான். புள்ளிக்கு மேல் வேதத்தின் வார்த்தைகளை உட்கார வைத்தான். ஏழு வருஷத்தில் இப்படி இருபத்திரண்டு பாட்டு. ஹால் அதிர்ந்தது. பையன்களும் பெண்களும் கை தட்டினார்கள். பாத்திரத்தைக் கழுவியாயிற்று, இனி எதை ஊற்றினாலும் சுத்தம்தான் என்று அவன் நினைத்தான். அவள் மூன்றாவது வரிசையில் நின்று உதட்டை அசைப்பாள்.

ஞானஸ்நானம் மட்டும் அவள் எடுக்கவில்லை. வேறு சாமி கும்பிடுகிற குடும்பத்திலிருந்து வந்தவள். ஒவ்வொரு வருஷமும் கேட்டான்.

"உள்ளுக்குள்ள இன்னும் சரியா வரலைங்க. வாயால ஒண்ணு சொல்லிட்டு உள்ள ஒண்ணு இருந்தா அது பொய்தானே?"

அவன் வற்புறுத்தவில்லை. எங்கே ஓடிப்போகப் போகிறாள் என்று இருந்துவிட்டான்.

முப்பத்தோரு வயதில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. காலர் தைத்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. ஊசி விரலில் இறங்கியும் அவள் கத்தவில்லை. அதனால்தான் பக்கத்து மெஷின்காரிக்குச் சந்தேகம் வந்தது. இருதய வால்வில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருந்திருக்கிறது. அங்கே கட்டிய ரத்தம் மூளைக்குப் போயிருக்கிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது அவளிடம் இரண்டு சொல்தான் மிச்சம். "ம்." அப்புறம், "இது."

தண்ணீர் வேண்டுமென்றால் "இது." ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றால் "இது." அழும்போதும் "இது, இது."

டாக்டர் அவனை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "மாத்திரை குடுக்கிறோம். ஆனா இன்னொண்ணு வரலாம். எப்பன்னு சொல்ல முடியாது. வந்தா தாங்க மாட்டாங்க."

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே எண்ணம். அவள் போவதற்கு முன்னால் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். எடுக்காமல் போனால் எங்கே போவாள் என்று நினைக்கும்போது எண்ணிக்கை தவறியது. ஒரே மோட்டாரை மூன்று முறை அவிழ்த்துச் சுற்றினான்.

பாஸ்டர் வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். கல் மனசுக்காரர் இல்லை. அவளுடைய விழுந்த கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"மூணு கேள்வி பிரதர். மூணுக்கும் வாயைத் திறந்து 'நம்புறேன்'னு சொல்லணும். வாயால அறிக்கை செய்யணும்னுதான் வேதத்துல இருக்கு. நம்ம சபையில யாருக்கும் அதை மாத்துனதில்ல."

"தலையாட்டினா போதாதா பாஸ்டர்?"

"நான் வந்ததும் 'சாப்டீங்களா'ன்னு கேட்டேன், ஆட்டினாங்க. 'இன்னும் சாப்பிடலையா'ன்னேன், அதுக்கும் ஆட்டினாங்க. எதை எடுத்துக்க?"

அவன் போர்வையை இழுத்து அவள் காலை மூடினான்.

"கர்த்தர் இதயத்தைப் பார்க்கிறவர். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அவர் பார்க்கிற இடத்தை நான் பார்க்க முடியாதே. ஒரு வார்த்தை வரட்டும். ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கே தொட்டியில தண்ணி நிரப்புறேன்."

அவர் போனதும் மனைவியின் அக்கா அடுக்களையிலிருந்து வந்தாள். தங்கையைப் பார்த்துக்கொள்ள வந்து இரண்டு மாதமாக இங்கேயே இருப்பவள்.

"பாஸ்டருக்கு ஒரு வார்த்தை வேணுமாம். எனக்கு அவ ஒரு வாய் சோறு புரையேறாம முழுங்கினாப் போதும். அவரவர் கவலை அவரவருக்கு."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி."

"நான் என்ன தப்பாவா சொன்னேன்? நல்ல மனுஷன்தான். ரெண்டு முட்டை அவிச்சுக் குடுத்தேன், தின்னுட்டுத்தான் போறாரு."

மழை பிடித்துக்கொண்டது. கடையில் வார்னிஷ் காயவில்லை. கட்டிய காயில்களுக்கு நடுவே நூறு வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டுச் சூடேற்றினான். வீட்டில் அவளுடைய துணிகள் காயவில்லை. அண்ணி அவற்றையும் கடைக்குக் கொடுத்தனுப்பினாள். பல்பின் வெளிச்சத்தில் மோட்டார் ஒருபக்கம், பாவாடை ஒருபக்கம் காய்ந்தன. வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் ஒரு விஷயம் சொன்னாள்.

"பேச்சு மூளையில ஒரு பக்கம் சார். பாட்டுக்கு இன்னொரு பக்கமும் கை கொடுக்கும். பேசவே முடியாதவங்க சில பேர் பழகின பாட்டை முழுசாப் பாடிடுவாங்க. பாட்டு வழியா ஒவ்வொரு வார்த்தையா வெளிய இழுக்கலாம். அவங்களுக்கு ரொம்பப் பழக்கமான பாட்டு எது?"

"சபைப் பாட்டு" என்றான் அவன். "நான் எழுதினது. ஏழு வருஷமா வாராவாரம் பாடியிருக்கா."

"நல்லதாப் போச்சு. நீங்களே பாடுங்க. முதல் வரியைப் பாடி நிறுத்துங்க. அடுத்தது அவங்க வாயிலேருந்து வருதான்னு பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து, இருபத்திரண்டில் எல்லாருக்கும் பிடித்ததை எடுத்தான்.

"என் பிழை சுமந்தவர் இயேசுவே" என்று பாடி நிறுத்தினான். அடுத்த வரி, 'உமையே நம்புகிறேன்.' அந்த வார்த்தைதான் பாஸ்டர் கேட்ட வார்த்தை.

அவள் அவன் வாயைப் பார்த்தாள். உதடு ஒருபக்கமாக இழுத்தது. மூச்சு வாங்கினாள். பிறகு அதே மெட்டை முதலிலிருந்து பாடினாள்.

"உன் நிழல் விழுகிற தரை போதும்
எனக்கொரு வானம் வேண்டாம்
நீ இருக்கிற இடந்தான் சொர்க்கம்
வேறொரு சாமி வேண்டாம்."

தட்டுத்தடங்கல் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் கழுவி வைத்த மாதிரி இருந்தது. அண்ணி வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பேசிட்டா, பேசிட்டா தம்பி." மனைவி சிரித்தாள். இடது பக்கம் மட்டும் சிரித்தது.

அவன் அந்த வார்த்தைகளை அதற்கு முன் கேட்டதே இல்லை. மெட்டு மட்டும் அவனுடையது. ஏழு வருஷமாக அதில் சபையை ஆராதிக்க வைத்திருக்கிறான். அதற்கு அடியில் இது கிடந்திருக்கிறது.

மற்றவற்றையும் பாடிப் பார்த்தான். அவன் தேவனின் கிருபை என்று தொடங்கினால் அவள் ஒருவனின் கண்ணைப் பற்றி முடித்தாள். அவன் சிலுவை என்றால் அவள் விஷம் குடிப்பேன் என்றாள். அவன் நித்திய ஜீவன் என்றால் அவள் நீயில்லாமல் விடியாது என்றாள். இருபத்திரண்டுக்கும் அவளிடம் வேறு இருபத்திரண்டு இருந்தன. மெட்டில்லாத வேத வசனங்களைச் சொல்லிக் கொடுத்தான். "ம்" என்றாள். புது மெட்டு ஒன்றைப் போட்டுப் பாடினான். "இது" என்று ஜன்னலைக் காட்டினாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் சட்டைக் கம்பெனி வாசலுக்குப் போனான். ஊசி இறங்கியதைப் பார்த்துக் கத்திய பக்கத்து மெஷின்காரி சாப்பாட்டு டப்பாவோடு வெளியே வந்தாள். அவள் குரலுக்காக வரிசையில் எல்லாரும் அவளை வெண்கலம் என்று கூப்பிடுவார்கள். ஸ்பீக்கர் ஆறு, வெண்கலம் ஏழு என்று மனைவி ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"அண்ணே, எப்படி இருக்கா?"

"பாடுறா."

"பேச்சு வரலைன்னாங்க?"

"பாட்டு வருது. உன் நிழல்னு ஒண்ணு."

வெண்கலம் டப்பாவை மூடினாள். "நாலு மணிப் பாட்டு அது. அது போட்டா பத்துக் காலர் கூடத் தைப்பா. சூப்பர்வைசரே சொல்லுவாரு, அவளுக்கு அந்தப் பாட்டைத் திருப்பிப் போடுங்கடான்னு."

"என்ன நெனச்சிக்கிட்டுப் பாடுவா?"

"என்னண்ணே கேள்வி இது. உங்களைத்தான். 'எங்க வீட்டுக்காரருக்கு இந்த மெட்டு தெரியும், வார்த்தைதான் தெரியாது'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

அவன் நடைபாதைக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சபையில பாடும்போது..."

"அதையும் சொல்லியிருக்கா. உதடு உங்க வார்த்தைக்கு அசையுமாம், உள்ள இதுதான் ஓடுமாம். 'தப்பாடி'ன்னு ஒருநாள் என்னைக் கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல? சாமி காரியம், எனக்கென்ன தெரியும்னுட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"வீட்டுல பாட்டே வேண்டாம்னு சொன்ன ஆள்கிட்ட எப்படிச் சொல்லுவா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தியதே பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. "ஒரு ஆளைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாப் போதும், மேல கீழ வேற ஒண்ணும் வேண்டாம். எல்லாப் பாட்டும் அதைத்தானேண்ணே சொல்லுது. காலையிலேருந்து சாயங்காலம் வரை ஒருத்தன் காதுல அதையே ஓதினா நம்பாம என்ன செய்வோம்? எனக்கும் ஒருத்தன் நிழல் விழுந்துச்சு. நிழல் போயிடுச்சு. தரையை நான்தான் கூட்டிக்கிட்டு இருக்கேன். இருந்தாலும் நாலு மணிக்கு அந்தப் பாட்டைப் போட்டா நானும்தான் பாடுறேன்."

மணி அடித்தது. உள்ளே போகும்போது திரும்பி, "அவளைத் திட்டாதீங்கண்ணே" என்றாள்.

கடைக்கு வந்து காயில் சுற்ற உட்கார்ந்தான். எண்ணிக்கை ஓடவில்லை, வேறு கணக்கு ஓடியது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். சபை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம். இரும்புக்குத் தனியாக ஒரு புத்தி கிடையாது. எந்தப் பக்கம் எத்தனை சுற்றுகிறோமோ அந்தப் பக்கம் அது காந்தமாகும். தொழில் தெரிந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்திலாவது எதிர்த்திசையில் சுற்றியிருக்கலாம். அதற்கும் அவன் அதே மெட்டைத்தான் போட்டிருக்கிறான். அவள் அடுக்களையில் தன்னானே என்று பாடிய ஒவ்வொரு தடவையும் அவனே கம்பியை எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

அதைவிட ஒரு பயம் இருந்தது. சொர்க்கம் என்றால் அவள் மனசில் இந்த வீடுதான், சாமி என்றால் அவன்தான். அவனுக்குத் தன்னைத் தெரியும். செத்தவளை எழுப்ப முடியாதவன். வால்வில் ஒரு கட்டியை எடுக்க முடியாதவன். இந்த ஆளை நம்பி ஒருத்தி அந்தப் பக்கம் போய் நின்றால், அங்கே அவளுக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

மூன்று வாரம் பயிற்சி நடந்தது. "இயேசுவே" முடிந்ததும் அவள் வாய் திறப்பதற்கு முன்னால் இவன் உதட்டைக் குவித்து "உமையே" என்று காட்டுவான். பத்துத் தடவையில் எட்டுத் தடவை தரை, வானம் என்று சறுக்கினாள். இரண்டு தடவை "உமையே நம்பு" வரைக்கும் வந்தாள். ஒரே ஒருமுறை முழுசாக வந்தது. அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டு, "எதைப் பாடினா என்ன தம்பி, குரல் கேட்குதில்ல" என்றாள். அவன் கேட்கவில்லை. வியாழக்கிழமை பரிசோதனையில் வால்வில் மறுபடி ரத்தம் கட்டியிருப்பது தெரிந்தது. அன்று சாயங்காலமே பாஸ்டரிடம் போனான்.

"பாட்டாச் சொன்னாச் செல்லுமா பாஸ்டர்?"

"அதுவும் வாய்தானே. செல்லும் பிரதர். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. நாற்காலியோடு நான்கு பேர் அவளைப் படியேற்றினார்கள். கிடங்கிலிருந்து வந்த ரப்பர் வாடை ஹாலிலும் இருந்தது. சிமென்ட் தொட்டியில் வெந்நீர் கலந்து வைத்திருந்தார்கள். வெள்ளை உடுப்பில் அவள் சின்னப் பெண் மாதிரி இருந்தாள். தொட்டிக்குள் பாஸ்டர் ஒருபக்கம், அண்ணி ஒருபக்கம் தாங்கினார்கள். காயில்காரன் அவளுக்கு எதிரே, தண்ணீரில் இடுப்பளவு நின்றான்.

"இயேசு உங்க பாவத்தைச் சுமந்தார்னு நம்புறீங்களா?" என்றார் பாஸ்டர்.

காயில்காரன் பாடினான். "என் பிழை சுமந்தவர் இயேசுவே." உதட்டைக் குவித்துக் காட்டினான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் உதட்டை அவள் பார்க்கவில்லை, அவன் கண்ணைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் இல்லாத தெளிவோடு பாடினாள். உன் நிழல் விழுகிற தரை போதும்.

ஹாலுக்குப் பழகிய மெட்டு. பின்வரிசையில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். அது முன்வரிசைக்கு வந்தது. எனக்கொரு வானம் வேண்டாம். தாளம் சேர்ந்துகொண்டது. சிலருக்கு வார்த்தை காதில் விழுந்து கை நின்றது. விழாதவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். வேறொரு சாமி வேண்டாம் என்று அவள் முடித்தபோது இரண்டு மூன்று பேரின் கைத்தட்டல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பெண்கள் பக்கம் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

பாஸ்டர் இன்னொரு முறை கேட்டார். அவள் இன்னொரு முறை பாடினாள். இந்த முறை அவளுக்கே பெருமையாக இருந்தது.

"பிரதர்" என்றார் பாஸ்டர், காதோரமாக. "நான் எப்படி முழுக்காட்டுவேன்? இதைக் கேட்டுட்டு எப்படி?"

"தெரியுது பாஸ்டர்."

"ஜெபிப்போம். அடுத்த மாசம் பார்ப்போம்."

"சரி பாஸ்டர்."

நனைந்த உடுப்போடு அவளைக் கீழே இறக்கினார்கள். ஆட்டோவில் அண்ணி தன் முந்தானையால் தங்கையின் காலைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "சளி பிடிக்கப் போகுது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் அண்ணி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அவன் வெந்நீர் வைத்து, மனைவியைக் குளியலறை முக்காலியில் உட்காரவைத்தான். கதவைத் தாழிட்டான். கடைக்குப் போகவில்லை. வாளிக்கு முன்னால் மண்டியிட்டான். ஈரம் முழங்காலில் ஏறியது.

ஞானஸ்நானம் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். மெட்டில்லாமல் கேட்டான்.

"இயேசு உன் பாவத்தைச் சுமந்தார்னு நம்புறியாம்மா?"

"ம்."

"அவர் உயிரோட எழுந்தார்னு நம்புறியா?"

"ம்."

"என்னை நம்பாத. நான் ஒண்ணுமில்ல. அவரை மட்டும் நம்புறியா?"

அவள் அவன் கன்னத்தைத் துடைத்தாள். "இது" என்றாள்.

அவன் செம்பில் முகந்தான். பிதாவின் பெயரால் ஊற்றினான். குமாரனின் பெயரால் ஊற்றினான். பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்றாவது செம்பைத் தலையில் ஊற்றி, கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் இடது கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோப்புப் போடுவதற்காக.

கொஞ்ச நேரம் அப்படியே தூக்கியிருந்தாள். வலித்திருக்கும். அவன் சோப்பை எடுத்தான். அக்குளில் போட்டான், முதுகில் போட்டான், விழுந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டான். வெந்நீரின் சுகத்தில் அவள் பாட ஆரம்பித்தாள். அதே பாட்டு. தரை வந்தது, வானம் வந்தது, சொர்க்கம் வந்தது. கடைசி வரியில் "வேறொரு" என்றதும் நின்றுவிட்டது. இதுவரை அந்த இடத்தில் நின்றதில்லை. மறுபடி, "வேறொரு." மறுபடி. கண்கள் பயந்து அவனிடம் வந்தன. பாட்டும் போய்விட்டால் அவளிடம் வேறு ஒன்றும் இல்லை.

வாயைத் திறந்தபடி அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள்.

அவன் சோப்பைக் கீழே வைத்தான். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"சாமி" என்று எடுத்துக் கொடுத்தான். "சாமி வேண்டாம்."